கடலில் திருடினாலும் கரைக்கு வந்தாக வேண்டும்: வாசகர் கேள்வி – பதில்

ஜூன் 5ஆம் தேதியைச் சட்டவிரோத மீன்பிடிப்புக்கு எதிரான பன்னாட்டு நாளாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. அதையொட்டி, கடலில் நடக்கும் இந்தத் திருட்டைத் தடுக்க நாடுகள் ஒன்றுகூடி என்ன செய்கின்றன என்பது பற்றி வாசகர்களிடமிருந்து கேள்விகளை வரவேற்றிருந்தோம். கரையோரத்திலிருந்து மட்டுமல்லாமல் உள்மாவட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை அளிக்கிறோம்.

'சட்டவிரோத மீன்பிடிப்பு' என்று சொன்னால் போதாதா? 'அறிவிக்கப்படாத', 'ஒழுங்குபடுத்தப்படாத' என்ற இரண்டு அடைமொழிகளையும் ஏன் சேர்த்துச் சொல்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, சேலம்

மூன்றும் வெவ்வேறு செயல்கள் என்பதால்தான். இன்னொரு நாட்டின் கடலில் உரிமம் இல்லாமல் வலை விரிப்பது சட்டவிரோதம். உரிமம் வாங்கிக்கொண்டு போய் 100 டன் பிடித்துவிட்டு, கப்பலின் பதிவேட்டில் 60 டன் என்று எழுதினால் அது அறிவிக்கப்படாத மீன்பிடிப்பு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுக்கடலில், அங்கே விதிமுறை வகுத்திருக்கும் அமைப்பில் உறுப்பினராக இல்லாத நாட்டின் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டோ, கொடியே இல்லாமலோ பிடிப்பது ஒழுங்குபடுத்தப்படாத மீன்பிடிப்பு. இந்த மூன்றாவது வகை எல்லா நேரத்திலும் குற்றமாகிவிடாது என்பதே சிக்கலின் வேர். குற்றம் என்று சொல்லச் சட்டம் வேண்டும். அந்தக் கப்பலைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே இல்லை.

மூன்றையும் ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவந்து, தடுப்பதற்கான பன்னாட்டுச் செயல்திட்டத்தை 2001இல் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வகுத்தது. ஆண்டுக்கு 1.1 கோடி முதல் 2.6 கோடி டன் வரை இவ்வாறு பிடிக்கப்படுகிறது என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இன்றும் அந்த எண்ணைத்தான் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். மறைத்துச் செய்யும் ஒன்றைக் கணக்கிட்ட மதிப்பீடு அது என்பதையும், கீழெல்லையைப்போல் மேலெல்லை இரு மடங்குக்கு மேல் என்பதையும் அதைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கும் சொந்தமில்லாத கடலில் திருடும் கப்பலை எந்த நாட்டுக் காவலர் பிடிப்பார்? பிடித்தால் எந்த நீதிமன்றம் விசாரிக்கும்?
– ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர், நாகர்கோவில்

இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்திலிருந்து விடை சொல்வதைவிட ஒரு கப்பலின் கதையைச் சொல்வதே தெளிவாக இருக்கும். அதன் பெயர் 'தண்டர்'. அண்டார்க்டிக் கண்டத்தைச் சூழ்ந்த குளிர்க்கடலில் வாழும் 'டூத்ஃபிஷ்' என்ற விலையுயர்ந்த மீனைத் திருட்டுத்தனமாகப் பிடித்து வந்த கப்பல் அது. உணவகங்களில் 'சிலியன் சீ பாஸ்' என்ற பெயரில் பரிமாறப்படும் மீன் இதுதான். அந்தக் கடற்பகுதியில் மீன்பிடிப்பை நெறிப்படுத்த 1982 முதல் நடைமுறையில் உள்ள ஓர் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அந்த அமைப்பின் கறுப்புப் பட்டியலில் தண்டர் பல ஆண்டுகள் இருந்தது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, நார்வே ஆகிய நாடுகளின் வேண்டுகோளின் பேரில் 2013 டிசம்பரில் இன்டர்போலும் அதைப் பற்றி எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டது. இருந்தும் கப்பல் பெயரையும் கொடியையும் மாற்றிக்கொண்டு தொழிலை நடத்திக்கொண்டேதான் இருந்தது.

2014 டிசம்பர் 17 அன்று, 'சீ ஷெப்பர்ட்' என்ற தன்னார்வ அமைப்பின் 'பாப் பார்க்கர்' என்ற கப்பல் அண்டார்க்டிக் கடலில் அதைக் கண்டது. அந்தத் துரத்தல் 110 நாள் நீடித்தது. தண்டர் கைவிட்டு ஓடிய செவுள் வலைகளை அதே அமைப்பின் இன்னொரு கப்பல் நாள்கணக்கில் நின்று இழுத்து எடுத்தது. நீட்டிப் பார்த்தால் 72 கிலோமீட்டர் நீளம். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை ஒரே வலையை விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். துரத்தல் நடந்துகொண்டிருந்தபோதே, தன் பதிவேட்டிலிருந்து அந்தக் கப்பலின் பெயரை நைஜீரியா நீக்கியது. அன்றிலிருந்து தண்டர் கொடியற்ற கப்பல் ஆனது.

2015 ஏப்ரல் 6 அன்று, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சாவ் தோமே தீவு நாட்டின் அருகே, தண்டர் மூழ்கத் தொடங்கியது. கப்பலில் இருந்த நாற்பது பேரும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கிவிட்டார்கள். துரத்தி வந்தவர்களே அவர்களைக் காப்பாற்றினார்கள். அதற்கு முன்பு, பாப் பார்க்கரின் ஊழியர்கள் சிலர் மூழ்கிக்கொண்டிருந்த கப்பலில் உயிரைப் பணயம் வைத்து ஏறினார்கள். வெள்ளம் புகும்போது இறுக மூடியிருக்க வேண்டிய கதவுகள் திறந்த நிலையில் கட்டிவைக்கப்பட்டிருந்தன. சாட்சியத்தைக் கடலடியில் புதைக்கவே கப்பல் மூழ்கடிக்கப்பட்டது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை. அவர்கள் எடுத்து வந்த படங்களும் கருவிகளும் பின்னர் வழக்கில் பயன்பட்டன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. திருட்டு நடந்தது அண்டார்க்டிக் கடலில். கப்பல் மூழ்கியதோ சாவ் தோமே நாட்டின் கடலில். அதனால் அந்தச் சின்னஞ்சிறு நாட்டின் நீதிமன்றம் வழக்கை நடத்தியது. 2015 அக்டோபரில் கப்பல் தலைவருக்கும் இரண்டு பொறியாளர்களுக்கும் சிறைத்தண்டனையும், ஒன்றரைக் கோடி யூரோவுக்கு மேற்பட்ட அபராதமும் விதித்தது. போலி ஆவணம், கடலை மாசுபடுத்தியது போன்றவையே குற்றச்சாட்டுகள். கவனியுங்கள்: மீன் திருடியதற்காக அல்ல. ஸ்பெயினில் இதே வகைக் கப்பல்களின் பின்னணியில் இருந்தவர்கள்மீது தொடுக்கப்பட்ட குற்றவியல் வழக்கு, செயல் நடந்தது பொதுக்கடலில் என்பதால் விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 2016 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியதோடு முடிந்தது. ஸ்பெயின் அரசு நிர்வாக வழியில் பெருந்தொகை அபராதம் விதித்தது மட்டுமே மிஞ்சியது. ஒரு தன்னார்வக் கப்பல் 110 நாள் எரிபொருள் செலவழித்துத் துரத்தியபின் கிடைத்த நீதி இவ்வளவுதான் என்றால், கடலில் துரத்திப் பிடிப்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது விளங்கும்.

துறைமுகங்களை வைத்தே இதைத் தடுக்கலாம் என்று ஓர் ஒப்பந்தம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது எப்படி வேலை செய்கிறது? இந்தியா அதில் இருக்கிறதா?
– துறைமுகத் தொழிலாளர், தூத்துக்குடி

உங்களுக்குத் தெரியாததல்ல, மீன் கடலில் இருக்கும்வரை அதற்கு விலை கிடையாது. படகு அணைந்து, ஐஸ் அறை திறந்து, கூடை இறங்கி, ஏலக்காரர் குரல் கொடுத்த பிறகுதான் அது பணமாகிறது. ஆறு மாதம் கண்ணில் படாமல் சுற்றிய கப்பலாக இருந்தாலும் டீசல் போடவும், மீனை இறக்கவும், ஆள் மாற்றவும் என்றைக்காவது ஒரு துறைமுகத்தின் வாசலுக்கு வந்தே தீர வேண்டும். கடல் முழுவதையும் காவல் காக்க எந்த நாட்டாலும் முடியாது. வாசலைக் காக்க முடியும். இந்த எளிய எண்ணத்தின்மேல் எழுந்ததுதான் துறைமுக நாட்டு நடவடிக்கைகள் ஒப்பந்தம். 2009 நவம்பரில் ஏற்கப்பட்டு, 2016 ஜூன் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் கொண்டாடப்படும் நாளுக்கு அந்தத் தேதி வந்தது இதனால்தான்.

இதன்படி, அயல்நாட்டு மீன்பிடிக் கப்பல் துறைமுகத்துக்குள் வருவதற்கு முன்பே அனுமதி கேட்க வேண்டும். எந்த நாட்டுக் கொடி, எந்த உரிமம், எங்கே பிடித்தது, எவ்வளவு வைத்திருக்கிறது, நடுக்கடலில் வேறு கப்பலிலிருந்து மீன் மாற்றிக்கொண்டதா என்ற விவரங்களை எல்லாம் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். மீன் ஏற்றிச் செல்லும் துணைக் கப்பல்களும் இதில் அடங்கும். ஐயம் இருந்தால் அனுமதி மறுக்கலாம், அல்லது சோதனைக்காக மட்டும் உள்ளே விடலாம். திருட்டு என்று தெரிந்தால் மீனை இறக்கவும், எரிபொருள் நிரப்பவும், பழுதுபார்க்கவும் இடம் தரக் கூடாது. ஆபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே விலக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனையில் கண்டதைக் கொடிக்குரிய நாட்டுக்கும் மற்ற நாடுகளுக்கும் தெரிவித்தாக வேண்டும். இங்கே விரட்டப்பட்ட கப்பல் அடுத்த துறைமுகத்தில் நல்லபிள்ளையாக நுழைந்துவிடாமல் தடுப்பது அந்தத் தகவல்தான்.

நம் இந்தியப் பெருங்கடலிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 'எஸ்டிஎஸ்-50' என்ற கப்பலும் டூத்ஃபிஷ் திருடியதுதான். 2017இல் சீனத் துறைமுகம் ஒன்றில் பிடிபட்டுத் தப்பியது. 2018 தொடக்கத்தில் மடகாஸ்கர் அதிகாரிகளின் ஐயத்துக்கு உள்ளானது. பின்னர் மொசாம்பிக்கின் மபுட்டோ துறைமுகத்தில் நிறுத்தப்பட்டு, ஆவணங்கள் பறிமுதல் செய்யப்பட்டன, அங்கிருந்தும் நழுவியது. தான்சானியாவின் ரோந்து அதைத் துரத்தியது. கடைசியில் அந்த ஆண்டு ஏப்ரல் 6 அன்று, சுமத்ராவின் வடமுனையில் உள்ள வே தீவுக்கு அருகே இந்தோனேசியக் கடற்படை மடக்கியது. எட்டு நாடுகளின் கொடிகளை அந்தக் கப்பல் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதாக இந்தோனேசிய அதிகாரிகள் கூறினார்கள். ஒவ்வொரு நாட்டிலும் தப்பித்த கப்பல் இறுதியில் சிக்கியதற்கு, ஒவ்வொரு நாடும் அடுத்த நாட்டுக்குச் சொல்லி அனுப்பியதே காரணம்.

இந்தியா அதில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை எழுதும் வரை இல்லை. 2010இலேயே சேர்ந்த நாடுகளில் ஒன்று மியான்மர். இலங்கை 2011இல் சேர்ந்தது. மாலத்தீவும் வங்கதேசமும் பின்னர் சேர்ந்தன. 2025இல் சீனாவும் சேர்ந்துவிட்டது. அண்டை நாடுகளின் வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபடும்போது, திறந்திருக்கும் வாசல் எது என்று திருடர்கள் தேடுவார்கள். இந்தியத் துறைமுகங்கள் அப்படி ஆகிவிட்டன என்று நான் சொல்லவில்லை. அயல்நாட்டு மீன்பிடிக் கப்பல்கள் நம் கடலில் தொழில் செய்ய நம் சட்டம் ஏற்கெனவே கடும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஆனாலும், இருபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பொருளாதாரக் கடற்பரப்பை (மீன்வள உரிமை தனக்கே உரிய கடற்பகுதியை) வைத்திருக்கும் நாடு இந்தத் தகவல் வலையத்துக்கு வெளியே நிற்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. கையெழுத்திட்டால் நம்முடைய படகுகளுக்கும் ஒழுங்கான ஆவணம் வேண்டியிருக்குமே என்ற தயக்கம் சிலரிடம் உண்டு. அந்த ஒழுங்கு எப்படியும் வந்தாக வேண்டியதுதான்.

ஐரோப்பா 'சிவப்பு அட்டை' காட்டியபோது எங்கள் ஊரில் மீன் ஏற்றுமதி நின்று போனது. பெரிய நாடுகள் சிறிய நாடுகளைப் பயமுறுத்தும் வழி அல்லவா இது?
– மீன் வணிகர், நீர்கொழும்பு

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முழு நியாயமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2010 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. சட்டப்படி பிடித்தது என்று கொடிக்குரிய நாடு சான்றளிக்காத மீன் அங்கே நுழைய முடியாது. சான்றளிக்கும் நாடே தன் கப்பல்களைக் கண்காணிக்கவில்லை என்றால் முதலில் மஞ்சள் அட்டை, திருந்தாவிட்டால் சிவப்பு. இலங்கைக்கு 2012 நவம்பரில் மஞ்சள் அட்டை கிடைத்தது. பொதுக்கடலுக்குப் போகும் பலநாள் கலங்களில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி இல்லை, விதி மீறியவர்களுக்குப் போதிய தண்டனை இல்லை என்பவை குறைகள். இரண்டு ஆண்டுகள் பேச்சு நடந்தும் போதிய மாற்றம் இல்லாததால், 2014 அக்டோபரில் தடை அறிவிக்கப்பட்டு, 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புதிதாகப் பிடித்துக் குளிரூட்டி அனுப்பும் சூரையிலும் வாள்மீனிலும் அன்று ஐரோப்பாவுக்கு இரண்டாவது பெரிய ஏற்றுமதியாளராக இருந்த நாட்டுக்கு அது பேரிடி.

தடை 2016 ஜூனில் நீங்கியது. அதற்குள் சட்டம் திருத்தப்பட்டது, அபராதம் உயர்த்தப்பட்டது, பொதுக்கடல் கலங்களில் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. ஒன்றரை ஆண்டில் முடிந்த அந்த வேலையை மஞ்சள் அட்டை காட்டியபோதே முடித்திருந்தால், உங்கள் ஊர்க் குளிர்சாதனக் கிடங்குகள் காலியாகக் கிடக்க நேர்ந்திருக்காது. அந்தத் தாமதத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் கொழும்பில் கோப்பை வைத்துக்கொண்டிருந்தவர்கள் அல்ல. கலத்தில் போனவர்களும் கரையில் மீன் வெட்டியவர்களும்தான். உங்கள் கோபம் பாதியாவது அங்கே திரும்ப வேண்டும் என்று நினைக்கிறேன். மறுபாதியை ஐரோப்பாவிடம் வைத்துக்கொள்ளுங்கள்: கொடியை விற்றுப் பிழைக்கும் சிறு நாடுகளைத் தண்டிக்கும் அளவுக்கு, தொலைகடலில் மீன்பிடிக்கும் பெரும் கப்பல் கூட்டங்களை வைத்திருக்கும் வல்லரசுகளிடம் அது கண்டிப்பாக நடந்துகொண்டதில்லை.

என் கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாங்களும் நீங்கள் எழுதும் திருடர்கள் பட்டியலில் சேர்ந்தவர்களா?
– ஒரு மீனவர் மனைவி, ராமேசுவரம்

இல்லை, சகோதரி. முகம் தெரியாத நிறுவனங்களின் பெயரில் கப்பலை ஓட்டி, கொடியை மாற்றி, சாட்சியத்தை மூழ்கடிப்பவர்களையும், சம்மாட்டி (படகு உரிமையாளர்) கொடுக்கும் கூலிக்காகக் கடலுக்குப் போகும் உங்கள் கணவரையும் ஒரே சொல்லால் அழைப்பதற்கு என் மனம் ஒப்பாது. நான் மேலே சொன்ன துறைமுக ஒப்பந்தத்திலேயே, பிழைப்புக்காகச் சிறு அளவில் மீன்பிடிக்கும் அண்டை நாட்டுப் படகுகளுக்கு, இரு நாடுகளும் ஒத்துழைத்து விலக்களிக்க இடம் வைத்திருக்கிறார்கள். பாரம்பரிய மீனவருக்கும் கொள்ளைக் கப்பலுக்கும் வேறுபாடு உண்டு என்பதை உலகமே ஒப்புக்கொண்ட இடம் அது.

ஆனால் உங்களிடம் உண்மையை மறைக்கவும் மாட்டேன். அந்த விலக்கு இழுவைமடிக்குப் பொருந்தாது. கடலடியை உழுதுகொண்டு போகும் அந்த வலை, குஞ்சு, முட்டை, சிப்பி, கடற்புல் எதையும் மிச்சம் வைக்காது என்பது உங்கள் ஊர் நாட்டுப்படகுக்காரர்களே பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது. எல்லைக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களும் நம் மொழி பேசுகிறவர்கள்தான். போர்க்காலத்தில் அவர்களுக்குக் கடல் மறுக்கப்பட்டிருந்தது. 2009க்குப் பிறகு கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் வாங்கித் தொழிலைத் தொடங்கினார்கள். மாலையில் விரித்துவிட்டு வந்த வலை, விடிந்து போய்ப் பார்த்தால் மிதவையோடு அறுந்து கிடக்கும். இரவில் இழுவைப் படகுகள் அதன்மேல் போயிருக்கும். வலையை இழந்தவருக்கு அடுத்த வலை வாங்கும் வரை அடுப்பு எரியாது. உங்கள் வீட்டில் இப்போது நடப்பது அவர்கள் வீட்டிலும் நடந்தது.

இழுவைமடியை உங்கள் ஊர் தானாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1960களில் இறால் ஏற்றுமதிக்காக அரசே மானியம் கொடுத்து வளர்த்த தொழில் அது. ராமேசுவரத்திலிருந்து எல்லைக் கோடு ஏறத்தாழ 12 கடல் மைல். கரையிலிருந்து முதல் 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு என்று தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. எஞ்சும் குறுகிய பட்டையில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் ஒரே நாளில் டோக்கன் வாங்கிக்கொண்டு இறங்கினால் அங்கே என்ன மீன் இருக்கும்? எல்லை தாண்டுவது பேராசையால் என்பதைவிட, கணக்கு அப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதே சரி.

இரண்டு அரசுகளும் 2016 நவம்பரில் கூட்டுப் பணிக்குழு அமைத்து, இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன. இலங்கை 2017இல் இழுவைமடிக்குத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் இந்திய அரசு, 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டுகளில் ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. படகு ஒன்றுக்கு 80 லட்ச ரூபாய் மதிப்பிட்டு, 50 விழுக்காட்டை நடுவண் அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் தருவதாகச் சொன்னார்கள். அந்த இலக்கு எட்டப்படவே இல்லை. ஒரு நாள் இரவில் போய் வந்து பழகியவரிடம், வாரக்கணக்கில் கடலில் தங்கி ஆயிரங்கால் தூண்டில் போட்டுச் சூரை பிடி என்றால், படகு மட்டும் போதாது. பயிற்சி, கருவாடாகாமல் மீனைக் கொண்டுவரும் குளிர்வசதி, நல்ல விலைக்கு வாங்கும் ஆள் எல்லாம் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை மீனவர்கள் தலைமுறையாக அந்தத் தொழில் செய்கிறவர்கள். அவர்களைக் கொண்டே பயிற்சி தந்திருக்கலாம்.

சிறை பற்றி ஒரு சொல். ஐ.நா. கடல் சட்டத்தின் 73ஆம் பிரிவு, பொருளாதாரக் கடற்பரப்பில் மீன்பிடி விதியை மீறியவருக்கு, நாடுகளுக்கிடையே உடன்பாடு இல்லாதபோது, சிறைத்தண்டனை விதிக்கக் கூடாது என்கிறது. பாக் விரிகுடாவை இரு நாடுகளும் தங்கள் வரலாற்று நீர்ப்பரப்பாகக் கருதுவதால் அந்தப் பிரிவு அங்கே நேரடியாகப் பொருந்தாது என்று வழக்கறிஞர்கள் சொல்லக்கூடும். சட்டத்தின் எழுத்து பொருந்தாவிட்டாலும், அதன் நோக்கம் பொருந்தும்: தண்டனை படகுக்கும் அதன் உரிமையாளருக்கும் விழ வேண்டுமே தவிர, கூலிக்குப் போனவரின் உடலுக்கு அல்ல. உங்கள் கணவர் விரைவில் வீடு திரும்ப வேண்டும் என்று இந்தப் பகுதியைப் படிக்கும் ஒவ்வொருவரும் விரும்புவார்கள்.

செயற்கைக்கோள் இருக்கும் காலத்தில் கப்பல் எப்படி ஒளிய முடியும்?
– பள்ளி ஆசிரியர், திருச்சி

கருவியை அணைத்துவிட்டு ஒளியலாம். கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி, மோதலைத் தவிர்ப்பதற்காக உருவானது. அதை அணைப்பது ஒரு விசையை அழுத்துவதுதான். ஆனால் இரும்பு உடலை ரேடார் செயற்கைக்கோளிடமிருந்து மறைக்க முடியாது. இரவில் கணவாயை ஈர்க்க ஏற்றும் பெருவிளக்குகளையும் வானிலிருந்து பார்க்கலாம். இவ்வகைப் படங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த பன்னாட்டு ஆய்வாளர்கள், வடகொரியக் கடலில் 2017இல் சீனாவிலிருந்து வந்த 900க்கும் மேற்பட்ட கப்பல்கள் கணவாய் பிடித்ததை 2020இல் வெளிப்படுத்தினார்கள். ஐ.நா. பொருளாதாரத் தடையின்படி அங்கே அயல்நாட்டுக் கப்பல்கள் மீன்பிடிப்பது விதிமீறல். பெரிய கப்பல்களால் ஒதுக்கப்பட்ட வடகொரியாவின் சிறு மரப்படகுகள் தொலைவான ரஷ்யக் கடலுக்குப் போயின. அவற்றுள் பல ஜப்பான் கரையில் வெறும் கூடாகவும், சில பிணங்களோடும் ஒதுங்கின. ஆண்டுக்கணக்கில் ஜப்பானியர்களுக்கு விளங்காமல் இருந்த 'பேய்ப் படகு'களின் பின்னணி அதுதான் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம் நாட்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு, இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பத்தில் தகவல் கருவி பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கியது. புயல் எச்சரிக்கையும், எல்லையை நெருங்கும் எச்சரிக்கையும் படகுக்கே வரும். படகிலிருந்து அபயக் குரலும் கொடுக்கலாம். தங்களை வேவு பார்க்கும் கருவி என்று அதை மீனவர்கள் அஞ்சாமல், தங்களைக் காக்கும் கருவி என்று நம்பும்படி அதிகாரிகள் நடந்துகொண்டால் மட்டுமே அது அணைக்கப்படாமல் இருக்கும்.

திருட்டு மீன்பிடிப்புக்கு அரசுகளே பணம் கொடுக்கின்றன என்கிறார்களே, உண்மையா?
– கணக்காளர், கோயம்புத்தூர்

மறைமுகமாக உண்மை. உலக அரசுகள் மீன்பிடித் துறைக்கு ஆண்டுக்குத் தரும் மானியம் ஏறத்தாழ 3,500 கோடி டாலர் என்று 2018ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீடு கூறுகிறது. அதில் பெரும்பகுதி, எரிபொருள் மானியம் போல, மீன் குறைந்த பிறகும் கப்பலை இன்னும் தொலைவுக்கு ஓட்ட உதவும் பணம். அது இல்லாவிட்டால் தொலைகடல் கப்பல்கள் பலவற்றுக்கு ஒரு பயணம்கூடக் கட்டுப்படியாகாது. சட்டவிரோதமாகப் பிடிக்கும் கப்பலுக்கு மானியம் தரக் கூடாது என்ற உலக வணிக அமைப்பின் உடன்பாடு 2022 ஜூனில் ஜெனீவாவில் ஏற்கப்பட்டு, 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அளவுக்கு மீறிய கப்பல்களை உருவாக்கும் மானியம் பற்றிய இரண்டாம் பகுதி இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்குள் அதை முடிக்காவிட்டால், அந்த அமைப்பின் பொதுப் பேரவை வேறு முடிவெடுக்காத நிலையில், முதல் பகுதியும் காலாவதியாகும் என்பது உடன்பாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நம் மீனவர்களைக் காக்க 25 ஆண்டு அவகாசம் வேண்டும், தொலைகடலில் போய்ப் பிடிக்கும் நாடுகள் முதலில் மானியத்தை நிறுத்த வேண்டும் என்பது இந்தியாவின் நிலை. பின்பகுதி முழுக்க நியாயம்: கடலைக் காலி செய்தவர் ஒருவர், பட்டினி கிடக்க வேண்டியவர் இன்னொருவர் என்று இருக்கக் கூடாது. 25 ஆண்டு என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை; மீனுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

இந்தக் கப்பல்களில் வேலை செய்கிறவர்கள் யார்? அவர்களும் குற்றவாளிகள்தானா?
– செவிலியர், புதுச்சேரி

தண்டரில் இருந்த நாற்பது பேரில் முப்பது பேர் இந்தோனேசியர்கள். எங்கே போகிறோம், எந்த மீனைப் பிடிக்கிறோம் என்பதில் அவர்களுக்கு எந்தச் சொல்லும் இல்லை. மீனைத் திருடும் கப்பலில் ஆளையும் திருடி வைத்திருப்பது அரிய நிகழ்ச்சி அல்ல. 2015இல் இந்தோனேசியாவின் ஆரு தீவுகளில் பெஞ்சினா என்ற இடத்தில், பெரும்பாலும் மியான்மரைச் சேர்ந்த மீன்பிடித் தொழிலாளர்களைக் கூண்டில் அடைத்து வைத்திருந்ததை ஒரு செய்தி நிறுவனத்தின் செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பிடித்த மீன் தாய்லாந்து வழியாக அமெரிக்கக் கடைகளுக்குப் போனது. அந்தச் செய்தி வெளியானபின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டார்கள். சிலர் பத்து, இருபது ஆண்டுகளாகத் தாயின் முகத்தைப் பார்த்ததில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பா தாய்லாந்துக்கு மஞ்சள் அட்டை காட்டியது. அந்நாடு மீன்பிடிச் சட்டத்தை மாற்றியது. படகு துறைமுகத்தை விட்டுப் போகும்போதும் திரும்பும்போதும் சோதிக்கும் நிலையங்களைக் கரை நெடுகிலும் அமைத்தது. மீன்பிடித் தொழிலாளர் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 188ஆம் உடன்படிக்கையை 2019 ஜனவரியில் ஏற்றது. அந்த மாதமே அட்டையும் நீங்கியது. அந்த நிலையங்களில் வலையையும் உரிமத்தையும் பார்ப்பதோடு ஆட்களையும் வரிசையில் நிறுத்தி எண்ணுகிறார்கள். போகும்போது இருந்தவர்கள் அனைவரும் திரும்பி வந்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகத்தான் அந்த எண்ணிக்கை. இந்தியா அந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்கவில்லை.